மெடூசா கையில் வாள் கொடுத்தால் போதுமா? சிற்பத்தில் புராணப் பெண்கள்

களிமண்கை:

2020 அக்டோபரில் நியூயார்க்கின் மன்ஹாட்டனில், குற்றவியல் நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கும் சிறு பூங்காவில் சிற்பி லூசியானோ கர்பாட்டியின் மெடூசாவை நிறுத்தினார்கள். கிரேக்கப் புராணத்தில் பாம்புக் கூந்தலோடு வருபவள், பெர்சியஸ் என்ற வீரன் அவள் தலையை வெட்டுவான். இங்கே தலைகீழ். ஏழடி வெண்கலம். ஒரு கையில் வாள், மறு கையில் பெர்சியஸின் வெட்டுண்ட தலை. அவர் அதை உருவாக்கியது 2008இலேயே. ஆனால் ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் மீதான பாலியல் வன்கொடுமை வழக்கு நடந்து முடிந்த ஆண்டில், வழக்கு நடந்த கட்டடத்துக்கு எதிரிலேயே வந்து நின்றதால் அது வேறு சிலையாகிவிட்டது.

அப்போது நடந்த சண்டை பலருக்கு நினைவிருக்கும். ஆண் செய்த சிலை எப்படிப் பெண்களின் குரலாகும்? அவளைக் கெடுத்தவன் கடல் தெய்வம் பொசைடன், பெர்சியஸின் தலை எதற்கு? தலையில் இத்தனை பாம்பு நெளிய, உடம்பில் ஒரு மயிர்கூட இல்லையே? மூன்றும் நியாயமான கேள்விகள்தான். எனக்கு உறுத்துவது வேறு.

ஃபிளாரன்ஸில் சிற்பி செல்லினி வார்த்த பெர்சியஸ் 1554 முதல் நிற்கிறான். காலடியில் மெடூசாவின் உடல் சுருண்டு கிடக்கிறது, தலை அவன் தூக்கிப் பிடித்த கையில். கர்பாட்டி அதற்குத்தான் பதில் சொல்கிறார். இவள் தலையை உயர்த்திக் காட்டவில்லை, தொடையோரம் தொங்கவிட்டிருக்கிறாள். முகத்தில் வெற்றிக் களிப்பு இல்லை. நல்லது. ஆனாலும் கதையின் அதே கணம்தானே? ஆட்கள்தான் இடம் மாறியிருக்கிறார்கள். ஒருவர் நிற்க இன்னொருவர் தலை போகவேண்டும் என்ற ஏற்பாட்டில் கைவைக்கவே இல்லை.

புராணப் பெண்களை எடுத்த இக்காலச் சிற்பிகளில் இந்தத் தலைகீழாக்கலைத் தாண்டியவர்கள் யார்? எந்தக் கணத்தைப் பிடித்தார்கள்? பேசலாம்.

ஓரப்பார்வை:

தாண்டியே ஆகவேண்டும் என்று யார் சட்டம் போட்டது? தெருவில் நிற்கும் சிலைக்கு ஒருவர் தரும் நேரம் ஐந்து நொடி. அந்த ஐந்து நொடியில் "இவள் கொல்லப்பட்டவள், இப்போது நிற்கிறாள்" என்பது புரிந்துவிட்டால் வேலை முடிந்தது. நீங்கள் கேட்பது காட்சியகத்துச் சிற்பம். அதற்குப் பக்கத்தில் அரைப்பக்கம் விளக்கம் ஒட்டியிருப்பார்கள், அதைப் படித்துவிட்டுத் தலையாட்டலாம்.

ஆண் செய்தது என்ற புகாரும் எனக்குச் சலிப்பு. செய்தவனை விடுங்கள், செய்ததைப் பாருங்கள்.

பழங்கதை:

நண்பர்களே, கதையிலிருந்தே தொடங்குகிறேன். கோயிலில் மெடூசா கெடுக்கப்பட்டாள், அதற்குத் தண்டனையாகக் கூந்தல் பாம்பானது என்பது ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்வது. அவருக்குப் பல நூற்றாண்டு முந்தைய கிரேக்கரான ஹெசியட்டிடம் வன்முறை கிடையாது. அங்கே அவள் கோர்கன் என்னும் அரக்கிச் சகோதரிகளில் சாவுள்ள ஒருத்தி, பொசைடனோடு புல்வெளியில் கூடினாள், பின்னர் பெர்சியஸ் தலையை வெட்டினான், அவ்வளவே. ஆக இன்றைய மெடூசா சிலைகள் எல்லாம் ஓவிட்டின் மகள்கள்.

களிமண்கை கேட்ட 'கணம்' பற்றி. கோர்ஃபு தீவில் ஆர்ட்டெமிஸ் கோயிலின் முகப்பு முக்கோணத்தில், பொது ஆண்டுக்கு முன் ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செதுக்கிய மெடூசா ஒருத்தி இருக்கிறாள். பெரிய உருவம், இடுப்பில் பாம்புக் கச்சை, முழங்கால் மடக்கி ஓடும் நிலை. இரு பக்கமும் அவள் பிள்ளைகள்: பெகாசஸ் என்ற குதிரை, கிரைசயார் என்ற மகன். கதைப்படி அவள் தலை வெட்டுண்ட பிறகுதான் அந்தப் பிள்ளைகள் கழுத்திலிருந்து பிறக்கவேண்டும். இங்கே தலையும் இருக்கிறது, பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்தச் சிற்பிக்கு ஒரே கணம் என்ற கட்டாயமே இல்லை. பெர்சியஸை மைய இடத்திலும் விடவில்லை. கோயிலைக் காக்க அவளைத்தான் நிறுத்தினான்.

இன்னொன்று. பெண் சிற்பி செய்த மெடூசாவுக்கு 2020 வரை காத்திருக்கவேண்டியதில்லை. ரோமில் வாழ்ந்த அமெரிக்கப் பெண் ஹாரியட் ஹாஸ்மர் 1854இலேயே பளிங்கில் செய்துவிட்டார். அவருடைய மெடூசா அழகி. முடி பாம்பாக மாறத் தொடங்கும் நேரம். வெட்டும் இல்லை, வாளும் இல்லை.

களிமண்கை:

பழங்கதை ஐயா, கோர்ஃபு எனக்குப் பெரிய திறப்பு. ஓரப்பார்வையின் ஐந்து நொடிக் கணக்கையும் அது உடைக்கிறது. கோயில் முகப்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டு போனவனும் தெருவில் போனவன்தான். அவனுக்குக் கதை முன்பே தெரியும், அதனால் சிற்பி கதை சொல்லவேண்டியிருக்கவில்லை.

செம்புத்தூசி:

இருபது வருடமாக வார்ப்புப் பட்டறையில் நிற்கிறவள் நான். இத்தனை பேச்சில் பொருளைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கலையே என்று இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

மிருணாளினி முகர்ஜி. 1949இல் பிறந்தவர், பரோடாவில் ஓவியர் கே.ஜி. சுப்பிரமணியனிடம் படித்தவர், 2015இல் காலமானார். சணல் நாரை முறுக்கி, சாயம் ஏற்றி, முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டு ஆளுயரத்துக்கும் மேலே உருவங்களை எழுப்பினார். 'தேவி' 1982, 'யக்ஷி' 1984. முன்கூட்டி வரைபடம் எதுவும் போட்டுக்கொள்வதில்லை. கை போன போக்கில் மடிப்பு விழும், மடிப்பு இதழாகும், இதழ் யோனியாகும், திரும்பிப் பார்த்தால் அரியணையில் யாரோ உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும். முகம் தேடினால் கிடைக்காது. கண் தேடினால் கிடைக்காது. ஆனால் கருவறை வாசலில் நிற்கிற பயம் வரும்.

அங்கே எந்தக் கணம், சொல்லுங்கள்? கதையே கிடையாது. இந்தத் தேவி யாரையும் கொல்லவில்லை, யாருக்கும் மனைவி இல்லை, யாராலும் சபிக்கப்படவும் இல்லை. தன் புராணம் வழக்கமானதல்ல, சொந்தமானது என்ற பொருளில் அவரே சொல்லியிருக்கிறார். பெண்ணியச் சிற்பி என்று முத்திரை குத்த வந்தவர்களிடமும் அவர் பிடி கொடுத்ததில்லை.

கயிறு என்பதால் ரொம்ப காலம் அதைக் கைவினை என்று ஓரமாக வைத்தார்கள். பிறகு பீங்கானுக்குப் போனார், 2000க்குப் பிறகு வெண்கலத்துக்கும். நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் பெரிய பின்னோக்குக் காட்சி வைத்தது 2019இல். பார்க்க அவர் இல்லை. வெண்கலத்தில் ஆண் செய்தால் சிற்பம், நாரில் பெண் செய்தால் கைவேலை. இந்த எரிச்சல் எனக்குத் தனியாக உண்டு, அதை இன்னொரு நாள் கொட்டுகிறேன்.

ஓரப்பார்வை:

யக்ஷி என்றதும் இன்னொன்று. கேரளத்தில் மலம்புழா அணைத் தோட்டத்தில் சிற்பி கானாயி குஞ்ஞிராமன் 1969இல் செய்த யக்ஷி. முப்பது அடி, முழு நிர்வாணம், கால்களை அகட்டி உட்கார்ந்து, கைகளைக் கூந்தலுக்குள் விட்டு, முகம் அண்ணாந்து இருக்கிறாள். அந்த நாளில் எதிர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல. டெல்லியில் ரிசர்வ் வங்கி வாசலில் ராம்கிங்கர் பெய்ஜின் யக்ஷிக்கும் அதே கதிதான், நாடாளுமன்றம் வரை போனது. இரண்டுமே ஆண்கள் செய்தவை. ஆனால் கேரளக் கதைகளில் யக்ஷி என்றால் பனைமரத்தடியில் ஆணை மயக்கி இரத்தம் குடிப்பவள். கானாயியின் யக்ஷி யாரையும் மயக்கவில்லை. கீழே நிற்கிறவர்களை அவள் பார்க்கக்கூட இல்லை. அவளுக்கு அவள் உடம்பு, அவள் வானம். இதில் என்ன தலைகீழாக்கல்? ஆண் செய்தால் முடியாது என்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

நிழற்கோடு:

சொல்கிறேன். அந்த முப்பதடி உடம்பின் கீழே நின்று படமெடுக்கிறவர்கள் அடிக்கும் கமெண்டை ஒருமுறை காது கொடுத்துக் கேளுங்கள். சிற்பிக்கு என்ன எண்ணம் இருந்தாலும், பொது இடத்தில் அந்த உடம்பு எப்படிப் பயன்படுகிறது என்பதும் சிற்பத்தின் பகுதிதான்.

ஓரப்பார்வை:

அதற்குச் சிலையா பொறுப்பு? தீதார்கஞ்ச் யக்ஷியை எடுத்துக்கொள்ளுங்கள். 1917இல் கங்கைக் கரையில் கிடைத்தவள், கையில் சாமரம், மேலாடை கிடையாது. அவளைப் பார்த்து யாரும் கமெண்ட் அடிப்பதில்லை. பழசு என்றால் கலை, புதுசு என்றால் ஆபாசம்.

நிழற்கோடு:

அவள் அருங்காட்சியகத்தில் காவலோடு நிற்கிறாள். அதனால்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், பெண் செய்தாலும் இதே சிக்கல் வரும். கர்பாட்டியின் மெடூசா வந்த மறுமாதமே, 2020 நவம்பரில், லண்டன் நியூயிங்டன் கிரீனில் மேகி ஹாம்ப்ளிங்கின் சிற்பத்தைத் திறந்தார்கள். மேரி வோல்ஸ்டன்கிராஃப்டுக்கான நினைவுச் சின்னம். பெண்ணுரிமைக்கு முதலில் எழுதியவர்களில் ஒருவர், அவருக்குச் சிலை வேண்டும் என்று பல ஆண்டுகள் பணம் திரட்டி வந்தது என்ன? வெள்ளி நிறத்தில் குழம்பி எழும் ஒரு திரள், அதன் உச்சியில் கையளவுக்கு ஒரு நிர்வாணப் பெண். இது அவருடைய உருவமல்ல, அவருக்காகச் செய்தது, எல்லாப் பெண்களும்தான் என்றார் சிற்பி. ஆடை போட்டால் காலத்துக்குள் அடைபட்டுவிடுவாள் என்பது அவர் வாதம். மறுநாளே யாரோ அதற்குத் துணி போர்த்திவிட்டார்கள்.

ஆண் மேதைக்குச் சிலை என்றால் கோட்டும் புத்தகமும். பெண் மேதைக்கு என்றால் 'எல்லாப் பெண்களும்'. ஒரு மனுஷியைப் புராணமாக்குவதும் அவளை அழிக்கிற வழிதான் என்று எனக்கு அன்று தோன்றியது.

மட்டுறுத்துநர்:

சிலை மேல் ஆடை வேண்டுமா என்ற கிளைச்சண்டைக்கு வந்த ஏழு பதிவுகளை வேறு இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். இங்கே தலைப்போடு இருங்கள்.

பழங்கதை:

நிழற்கோடு சொன்ன கடைசி வரி எனக்குக் கண்ணகியைக் கொண்டுவந்தது. அங்கே எதிர்த்திசையில் நடந்தது. புராணம் அரசியல் கொடியாகிவிட்டது.

மெரினாவில் 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வைத்த சிலைகளில் அவள் ஒருத்தி. கையில் சிலம்பு, நீட்டிய கை, வழக்குரைக்கும் கோலம். 2001 இறுதியில் எடுத்தார்கள், 2006இல் மறுபடி வைத்தார்கள். அந்த ஐந்தாண்டு நடந்த வாதப் பிரதிவாதங்களைப் புரட்டிப் பாருங்கள்: தமிழர் மானம், ஆட்சி மாற்றம், வாஸ்து, போக்குவரத்து. ஒரு பெண் அரசனிடம் நீதி கேட்டாள் என்பது எங்கோ கடைசியில் கிடக்கும். கற்புக்கரசி என்பது மட்டும் முன்வரிசையில்.

காப்பியத்தில் மதுரையை எரித்தது சிலம்பல்ல. இடமுலையைத் திருகி எறிந்தாள், ஊர் பற்றியது. சிலம்பு வழக்கை வென்றது, முலை ஊரை எரித்தது. பொதுச் சிலைக்கு முதல் கணத்தைத்தான் எடுப்பார்கள், அதில் எனக்கு வியப்பில்லை. கேரளத்துக் கொடுங்கல்லூர் பகவதியைக் கண்ணகி என்று சொல்லும் மரபு அந்த இரண்டாவது கணத்தின் உக்கிரத்தை வைத்துக்கொண்டது. கடற்கரையில் நிற்பவளுக்கு உக்கிரம் விரல் நுனி வரைதான்.

செம்புத்தூசி:

ஐயா சொன்னது சரி. ஆனால் அந்த இரண்டாவது கணத்தை வெண்கலத்தில் கொண்டுவா என்று யாராவது என்னிடம் வேலை கொடுத்தால் இரண்டு நாள் தூக்கம் போய்விடும். ஒரு பக்கம் வெறும் குழி, கையில் சதை. பார்க்கிறவன் கண்ணுக்கு அது கோபமாகத் தெரியாது, காயமாகத்தான் தெரியும். ரணத்தைக் காட்டாமல் அந்தச் செயலைக் காட்டவேண்டும். அமெரிக்கச் சிற்பி கிக்கி ஸ்மித் மாதிரி ஆள் செய்திருந்தால் ஒரு வழி கண்டுபிடித்திருப்பார்.

அவருடைய 'லிலித்' தெரியுமா? 1994. ஆதாமுக்கு அடங்க மறுத்துப் போய்விட்டவள் என்று யூத மரபில் வருகிற பெண். உண்மையான ஒரு பெண்ணின் உடம்பிலிருந்து அச்செடுத்து வார்த்தது. சிலைக்குப் பீடமே இல்லை. சுவரில் தலைகீழாகப் பல்லி மாதிரி ஒட்டிக் குந்தியிருக்கிறாள், தலையை மட்டும் திருப்பி உங்களைப் பார்க்கிறாள், கண்ணாடிக் கண், நீலம். நாம் அண்ணாந்து தேடவேண்டியிருக்கு. போனவள் போன இடத்திலிருந்து பார்க்கிறாள். ஆதாமும் இல்லை, தோட்டமும் இல்லை. ஓரப்பார்வை சார், இது ஐந்து நொடியில் புரியும், விளக்க அட்டையே வேண்டாம்.

ஓரப்பார்வை:

பல்லி நல்லாயிருக்கு. ஒப்புக்கொள்கிறேன்.

களிமண்கை:

நானும் ஒன்று சேர்க்கிறேன். பாரதி கேர், லண்டனில் பிறந்து டெல்லிக்கு வந்தவர். தென்னிந்தியக் கொலு பொம்மைகளை வாங்கிச் சேர்த்து, உடைத்து, ஒன்றின் தலையை இன்னொன்றின் உடம்பில் ஒட்டி, 'இடையாளர்கள்' என்று சொல்லத்தக்க ஒரு வரிசை செய்தார். பாதி கடவுள், பாதி பால்காரி, பாதி விலங்கு. அதில் ஒன்றைப் பதினெட்டு அடி வெண்கலமாக்கி 2022இல் நியூயார்க் சென்ட்ரல் பூங்கா ஓரத்தில் நிறுத்தினார்கள், பெயர் 'மூதாதை'. அவள் உடம்பெங்கும் 23 பிள்ளைத் தலைகள். எனக்கு அந்தச் சின்னப் பொம்மைகள்தான் பிடிக்கும், ஒட்டுப்போட்ட விரிசலோடு. பெரிதாக்கியபோது விரிசல் அலங்காரமாகிவிட்டது, தாய்மை என்ற பழைய கதைக்குள்ளேயே திரும்பிப் போய்விட்டாள் என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

நிழற்கோடு:

23 தலை சுமக்கும் தாயைத் தாய்மையைப் போற்றுவதாக ஏன் படிக்கவேண்டும்? பாரம் என்றும் படிக்கலாமே.

சரி, இன்னும் யாரும் சொல்லாத ஒன்று, எனக்கு மிக முக்கியமானது. லாகூரில் பிறந்த ஷாஜியா சிக்கந்தர், 2023இல் நியூயார்க்கில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கூரையில் பொன்னிறப் பெண் ஒருத்தியை நிறுத்தினார். தாமரையிலிருந்து எழுகிறாள், பின்னல்கள் ஆட்டுக்கடாக் கொம்பாகச் சுருண்டிருக்கின்றன, கையும் காலும் வேராக முறுக்கிக்கொள்கின்றன. கூரையில் அதுவரை சட்டமேதைகளாக நின்றவர்கள் எல்லாம் ஆண்கள். கழுத்தில் சரிகைப் பட்டி, அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க்கை நினைவூட்ட. அதன் அண்ணனாக, மன்னிக்கவும், அக்காவாக, 'சாட்சி' என்று பதினெட்டு அடியில் இன்னொன்று. அது டெக்சாஸின் ஹியூஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனது. கொம்பைப் பார்த்துச் சாத்தான் என்று கருக்கலைப்பு எதிர்ப்பாளர்கள் போராடினார்கள். 2024 ஜூலையில், பெரில் புயல் அடித்த நேரத்தில், யாரோ வந்து அதன் தலையை உடைத்தெடுத்தார்கள்.

சரிசெய்யலாம் என்றது பல்கலைக்கழகம். வேண்டாம், இப்படியே நிற்கட்டும் என்றார் சிக்கந்தர்.

மெடூசா என்று பெயர் வைக்காமலே தலை வெட்டப்பட்டவள் அவள்தான். எந்தக் கணம் என்று களிமண்கை கேட்டீர்களே, இங்கே கணத்தைத் தேர்ந்தது தாக்கியவன். அதை அழிக்காமல் வைத்துக்கொண்டது சிற்பி.

ஓரப்பார்வை:

இதில் எனக்கு உடன்பாடில்லை. உடைத்தவன் விரும்பியது தலையில்லாத பெண்ணை. அப்படியே விட்டால் அவன் செய்த சிலையைத்தானே காட்சிக்கு வைக்கிறோம்?

செம்புத்தூசி:

தலையை மறுபடி வைத்து, தையல் தெரியாமல் இழைத்து, சாயம் ஏற்றிவிடலாம். பட்டறைக்கு அது பெரிய வேலையே இல்லை. முடிந்தும் செய்யாமல் விட்டதால்தான் அது அவருடைய சிலை. எல்லாம் சரியாகிவிட்டது என்று காட்டியிருந்தால், நடந்ததே இல்லை என்று ஆக்கியிருப்பார்கள்.

களிமண்கை:

இந்த இழையை ஏன் தொடங்கினேன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். ஒரு திரௌபதி செய்துகொண்டிருக்கிறேன், கல்லூரி முடிக்கும் வேலை. நாட்காட்டிப் படத்திலிருந்து மேடை வரை எல்லோரும் பிடிப்பது சேலை நீளும் கணம். அதில் அவள் செய்வதற்கு ஒன்றுமில்லை, கை கூப்புவதைத் தவிர. துச்சாதனன் மார்பைப் பீமன் பிளக்க, அந்தக் குருதி பூசிக் கூந்தல் முடிப்பது கர்பாட்டியின் மெடூசாவேதான்.

எனக்கு வேண்டியது அதற்கெல்லாம் முன்னால். அழைத்துவரச் சொல்லி ஆள் வருகிறான். அவள் அவனைத் திருப்பி அனுப்புகிறாள்: போய்க் கேள், முதலில் தன்னைத் தோற்றாரா, என்னைத் தோற்றாரா? பிறகு சபைக்கு இழுத்து வரப்பட்டும் அதையே கேட்கிறாள். பீஷ்மர் தருமம் நுட்பமானது என்று நழுவுகிறார். கௌரவர்களில் விகர்ணன் ஒருவன்தான் அவள் பக்கம் பேசுகிறான். சட்டப் புள்ளி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண். அதை எப்படி மண்ணில் கொண்டுவருவது? வாய் திறந்த முகம் மூன்று செய்தேன், மூன்றும் அலறுகின்றன.

செம்புத்தூசி:

அலறத்தான் செய்யும் தங்கச்சி. திறந்த வாயை ஐந்தடி தள்ளி நின்று பார்த்தால் ஒன்று கத்தல், இல்லையென்றால் பாட்டு. போதாததற்கு வார்த்த பிறகு வாய்க்குள் அரம் நுழையாது, பல் வரிசை மழுங்கிப்போய்க் குகை மாதிரி இருக்கும். பல்லையும் நாக்கையும் தனியாக வார்த்து உள்ளேயிருந்து பற்றவைக்கலாம், ஆனால் அது உனக்கு வேண்டாம்.

இத்தாலியச் சிற்பி பெர்னினி செய்த, அவர் காதலி கோஸ்டான்சாவின் பளிங்கு மார்பளவுச் சிலை ஃபிளாரன்ஸில் இருக்கு, படங்களைத் தேடிப் பார். உதடு நெல் முனை அளவுதான் பிரிந்திருக்கும், இப்போதுதான் ஏதோ சொல்லப்போகிறாள் என்று இருக்கும். அதே கோஸ்டான்சா பெர்னினியின் தம்பியோடு பழகினாள் என்று ஆளனுப்பி அவள் முகத்தைக் கிழிக்கவைத்தவரும் அதே பெர்னினிதான். கையின் திறமையை எடுத்துக்கொள், மனிதனை விட்டுவிடு.

கேள்வியை உதட்டில் வைக்காதே, கழுத்தில் வை. கேட்கிறவள் தலை ஒரு நூல் முன்னால் வரும், தோள் பின்னால் நிற்கும். பதிலுக்குக் காத்திருக்கிற உடம்பு அது. கைகளைக் கும்பிடவும் விடாதே, நீட்டவும் விடாதே, நீட்டினால் கண்ணகி. ஒற்றை ஆடை, அவிழ்ந்த முடி இரண்டையும் சபைக்கு வந்தபோது இருந்த மாதிரியே வை, ஆனால் முடி முகத்தை மறைக்கக்கூடாது.

பழங்கதை:

ஒரு விண்ணப்பம். பார்வை எங்கே என்பதையும் முடிவு செய்யுங்கள். துச்சாதனனைப் பார்த்தால் அது இழுபறிக் காட்சி. கணவர்களைப் பார்த்தால் முறையீடு. கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை பெரியவர்கள் வரிசைக்குத்தான் இருந்தது. அவர்கள் ஆசனத்தில் இருந்தார்கள். எனவே கண் சற்றுத் தாழ்ந்துதான் இருக்கும். நிற்பவள் உட்கார்ந்தவர்களைக் கேட்கிறாள்.

களிமண்கை:

ஐயா, இது எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியானால் பீடம் வேண்டாம், ஆளுயரத்தில் தரையிலேயே நிறுத்திவிட்டு எதிரே நாலு வெறும் நாற்காலி போடலாம். பார்க்க வருகிறவர்கள் உட்கார்ந்தால் அவர்களைத்தான் கேட்பாள்.

ஓரப்பார்வை:

நாற்காலி நல்ல யோசனை. ஒரே கேள்வி: பெயர்ப்பலகையில் திரௌபதி என்று எழுதுவீர்களா?

களிமண்கை:

எழுதுவதாக இல்லை.

ஓரப்பார்வை:

எழுதாவிட்டால், முடி அவிழ்ந்த ஒருத்தி முறைத்துக்கொண்டு நிற்கிறாள், அவ்வளவுதான். சேலையும் இல்லை, கிருஷ்ணனும் இல்லை, சூதாட்டப் பலகையும் இல்லை. கதை தெரிந்தவர்களுக்கும் அடையாளம் தெரியாது. அந்தக் கேள்வியையாவது சுவரில் எழுதுங்கள்.

செம்புத்தூசி:

சுவரில் எழுதினால் சிலை எதற்கு சார்? தங்கச்சி, முதலில் ஒன்றரை அடியில் மண்ணில் கழுத்தும் தோளும் மட்டும் செய்து நாலு கோணத்திலிருந்தும் படம் போடு. பெயர்ப்பலகைச் சண்டையை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.